ஃபேர்போர்ட் கன்வென்ஷன் தட்டுகள்: எதை முதலில் வாங்குவது, எதை மேலே வைப்பது

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் இங்கிலாந்தின் நாட்டார் ராக் குழு. "ஃபேர்போர்ட் கன்வென்ஷன்" என்று குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட இசைத்தட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று 1968இல் இங்கிலாந்தில் பாலிடார் வெளியிட்டது. அதில் பாடுகிற பெண் ஜூடி டைபிள். மற்றொன்று 1969இல் அமெரிக்காவில் ஏ அண்ட் எம் வெளியிட்டது. அதில் பாடுபவர் சாண்டி டென்னி. இரண்டாவது தட்டு, இங்கிலாந்தில் ஐலண்ட் நிறுவனம் "வாட் வீ டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்" என்று வெளியிட்ட அதே ஆல்பம்தான். கடல் தாண்டும்போது பெயரும் உறையும் மாறிவிட்டன. தலைப்பை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஒரே ஆல்பத்தை இரண்டு முறை வாங்கிவிடுவார். முதல் ஆல்பம் தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

இந்தக் குழுவைச் சேகரிப்பதில் உள்ள சிக்கல் எல்லாமே இந்த மாதிரிதான். 1967இல் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில், "ஃபேர்போர்ட்" என்று பெயரிட்ட ஒரு வீட்டில் ஒத்திகை பார்த்த இளைஞர்கள் தொடங்கியது. பெயர் இன்றுவரை அதேதான். உள்ளே இருந்த ஆட்கள் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறினார்கள். ஆகவே இதை ஒரு குழுவாக நினைக்காதீர்கள். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அடுத்தடுத்துக் கடை நடத்திய ஆறேழு குழுக்கள் என்று நினையுங்கள். அப்படி நினைத்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வியும் எதை மேலே வைப்பது என்ற கேள்வியும் பாதிக்குமேல் தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் ஆட்களின் கணக்கைப் போடுங்கள். இடப்பக்கம் ஆண்டு, நடுவில் ஆல்பம், வலப்பக்கம் யார் பாடினார்கள், யார் கிடார், யார் வயலின், யார் டிரம்ஸ். 1968 முதல் 1978 வரை ஸ்டூடியோ ஆல்பங்கள் மட்டும் 13. அவற்றை இப்படிப் பிரிக்கலாம்.

ஜூடி டைபிள் காலம்: 1968இன் முதல் ஆல்பம் மட்டும். அமெரிக்க மேற்குக் கரைக் குழுக்களின் சாயல் பலமாக இருக்கும். நாட்டார் பாடல் தேடி இதற்குள் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

சாண்டி டென்னி காலம்: "ஹாலிடேஸ்" ஜனவரி 1969, "அன்ஹாஃப்பிரிக்கிங்" ஜூலை 1969, "லீஜ் அண்ட் லீஃப்" டிசம்பர் 1969. ஒரே காலண்டர் ஆண்டில் மூன்று ஆல்பங்கள். மூன்றிலும் ஆட்கள் ஒன்றல்ல. இயன் மேத்யூஸ் முதலாவதில் முழுமையாக இருக்கிறார், இரண்டாவது பதிவாகும்போதே விலகிவிட்டார். டேவ் ஸ்வார்பிரிக் இரண்டாவதில் விருந்தாளியாக வயலின் வாசிக்கிறார், மூன்றாவதில் குழு உறுப்பினர். டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் 1969 மே 12 அன்று எம்-1 நெடுஞ்சாலையில் நடந்த வேன் விபத்தில் இறந்தார். அவருக்கு அப்போது 19 வயது. "லீஜ் அண்ட் லீஃப்" தட்டில் டிரம்ஸ் டேவ் மேட்டாக்ஸ்.

ஐந்து ஆண்கள் காலம்: 1970இன் "ஃபுல் ஹவுஸ்". சாண்டியும் பேஸ் கிடார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸும் போய்விட்டார்கள். டேவ் பெக் பேஸுக்கு வந்தார். ரிச்சர்ட் தாம்சன், சைமன் நிகோல், ஸ்வார்பிரிக், பெக், மேட்டாக்ஸ்.

நால்வர் காலம்: தாம்சனும் போன பிறகு 1971இல் வந்த "ஏஞ்சல் டிலைட்", "பாபகோம்ப் லீ".

ட்ரெவர் லூகாஸ், ஜெரி டோனஹியூ காலம்: 1973இல் "ரோஸி", "நைன்". 1975இல் சாண்டி திரும்பி வந்து பாடிய "ரைசிங் ஃபார் த மூன்".

கடைசிக் காலம்: 1976இன் "காட்டில் ஓ'கியர்", வெர்டிகோ லேபிளில் 1977இல் "த பானி பஞ்ச் ஆஃப் ரோஸஸ்", 1978இல் "டிப்ளர்ஸ் டேல்ஸ்".

இந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டுக் கடையில் குனிந்து தேடும்போது கைப்பேசியை எடுத்துத் தேடுவதைவிட இது வேகமானது.

கேட்டுவிட்டு வாங்குங்கள்

தட்டு வாங்குவதற்கு முன் இணையத்தில் நான்கு ஆல்பங்களைக் கேளுங்கள். இந்த வரிசையிலேயே கேளுங்கள்: "அன்ஹாஃப்பிரிக்கிங்", "லீஜ் அண்ட் லீஃப்", "ஃபுல் ஹவுஸ்", "ரைசிங் ஃபார் த மூன்". எல்லோரும் "லீஜ் அண்ட் லீஃப்" தட்டிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். 2006இல் பிபிசி ரேடியோ 2 நாட்டார் இசை விருது விழாவில், எக்காலத்திலும் அதிகத் தாக்கம் செலுத்திய நாட்டார் ஆல்பம் என்று நேயர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் முந்தைய தட்டை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. "அன்ஹாஃப்பிரிக்கிங்" தட்டின் முதல் பக்கக் கடைசியில் "எ செய்லர்ஸ் லைஃப்" என்று 11 நிமிட நாட்டார் பாடல் இருக்கிறது. சாண்டியின் குரலோடு மெதுவாகத் தொடங்கி, கிடாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய் முடியும். மின்சார கிடாரும் டிரம்ஸும் வைத்து இங்கிலாந்தின் பழைய கதைப்பாடலை வாசிக்க முடியும் என்பதை அந்தக் குழு கண்டுபிடிக்கிற நேரத்தில் நாமும் கூடவே இருக்கிறோம். அடுத்த ஆல்பம் அந்தக் கண்டுபிடிப்பின் விளைவு. விளைவை முதலில் கேட்டால் அது வெறும் பழமையாகத் தோன்றிவிடும்.

அதே ஆல்பத்தில் பாப் டிலன் பாட்டு ஒன்றைப் பிரெஞ்சில் பாடியிருப்பார்கள், "சி து துவா பார்த்திர்". நடுவே ஏதோ சரிந்து நொறுங்குகிற சத்தம் வரும். தட்டு கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது பதிவிலேயே உள்ளது.

நான்கையும் கேட்டு முடித்ததும் உங்களுக்கு எந்தக் காலம் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். குரலுக்காகக் கேட்கிறவர் சாண்டி பக்கம் போவார். கிடாரும் வயலினும் மோதுவதற்காகக் கேட்கிறவர் "ஃபுல் ஹவுஸ்" பக்கம் போவார். அந்தப் பக்கத்து ஆல்பங்களை முதலில் வாங்குங்கள். 13ஐயும் வரிசையாக வாங்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஏழாவதில் சலித்து நிறுத்திவிடுகிறார்கள்.

எந்த வடிவம்

இசைக்காக மட்டும் என்றால் சிடி போதும். சிடி மறுவெளியீடுகளில் கூடுதல் பாட்டுகளும் கிடைக்கும். "லீஜ் அண்ட் லீஃப்" 2002 சிடியில் "சர் பாட்ரிக் ஸ்பென்ஸ்" பாட்டைச் சாண்டி பாடிய வடிவம் இருக்கிறது. "ஃபுல் ஹவுஸ்" தட்டுக்காகப் பதிவு செய்து, ரிச்சர்ட் தாம்சனின் பிடிவாதத்தால் கடைசி நேரத்தில் நீக்கப்பட்ட "புவர் வில் அண்ட் த ஜாலி ஹேங்மேன்" 2001 சிடியில் இருக்கிறது. குழுவின் முதல் பத்தாண்டுகளை ஏழு சிடிகளில் தொகுத்த "கம் ஆல் யீ" பெட்டி 2017இல் வந்தது. ஆனால் அது ஆல்பங்களை ஆல்பங்களாகத் தரும் பெட்டி இல்லை. தேர்ந்தெடுத்த பாட்டுகளோடு வெளிவராத பதிவுகளும் கலந்தது. தரவரிசை போட நினைப்பவருக்கு அது குழப்பத்தைத்தான் தரும். அதைக் கடைசியாக வாங்குங்கள்.

வினைல் வேண்டும் என்றால் புதிய மறுபதிப்பா, பழைய அச்சா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்து வாங்கினால், பிற்பாடு வரிசைப்படுத்தும்போது பாட்டை மதிப்பிடுகிறோமா அச்சை மதிப்பிடுகிறோமா என்பதே புரியாமல் போகும்.

பழைய அச்சை அடையாளம் காண்பது

இங்கிலாந்து ஐலண்ட் தட்டுகளுக்கு, தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளின் நிறமே முதல் சாட்சி. "ஹாலிடேஸ்" முதல் "ஃபுல் ஹவுஸ்" வரையான நான்கும் முதலில் வந்தபோது லேபிள் முழுவதும் இளஞ்சிவப்பு. 1971இன் "ஏஞ்சல் டிலைட்" வரும்போது லேபிளின் விளிம்பு மட்டும் இளஞ்சிவப்பு. நடுவில் கடற்கரையும் தென்னை மாதிரி ஒரு மரமும் இருக்கும். ஆகவே "லீஜ் அண்ட் லீஃப்" தட்டில் மரம் தெரிந்தால் அது பிற்கால அச்சு. கேட்பதற்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கலாம், ஆனால் முதல் அச்சின் விலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது சாட்சி எண். உறையின் முதுகிலும் லேபிளிலும் ஒரே எண் இருக்க வேண்டும். "ஹாலிடேஸ்" ஐ.எல்.பி.எஸ். 9092, "அன்ஹாஃப்பிரிக்கிங்" 9102, "லீஜ் அண்ட் லீஃப்" 9115, "ஃபுல் ஹவுஸ்" 9130. பழைய கடைகளில் உறை ஒன்று, உள்ளே தட்டு வேறு என்பது அடிக்கடி நடக்கும். நல்ல உறைக்குள் தேய்ந்த தட்டைப் போட்டு விற்பதும் உண்டு.

மூன்றாவது, லேபிளைச் சுற்றியுள்ள வெற்று இடத்தில் கீறி எழுதியிருக்கும் எழுத்துகள். தட்டைச் சாய்த்து விளக்கு வெளிச்சம் பட வைத்தால் தெரியும். அந்த எழுத்துகளை அப்படியே எழுதிக்கொண்டு தட்டுகளின் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்த எண்ணுக்குரிய பதிவுகளோடு ஒப்பிடுங்கள். எந்த நாட்டு அச்சு, எந்த ஆண்டு என்பதை நிறத்தைவிட இதுவே திட்டமாகச் சொல்லும்.

உறையிலும் நாடு தெரியும். "அன்ஹாஃப்பிரிக்கிங்" இங்கிலாந்து உறையில் வயதான தம்பதி ஒருவர் வீட்டு வேலிக்கு முன்னால் நிற்பார்கள். அவர்கள் சாண்டியின் பெற்றோர். வேலி இடுக்குகளுக்குப் பின்னால் தோட்டத்தில் குழு உட்கார்ந்திருப்பது தெரியும். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. அமெரிக்க நிறுவனம் இதை ஏற்கவில்லை போலும், சர்க்கஸ் யானைகளைப் போட்டுவிட்டது. யானை உறை மலிவாகக் கிடைத்தால் கேட்பதற்கு வாங்கலாம், ஆனால் அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேலி உறைதான்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

நிலைமையைக் குறிக்கும் சொற்களில் ஒரு வினோதம் உண்டு. மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். அதாவது "குட்" என்றால் கேட்கவே முடியாத அளவுக்கு மோசம். "வெரி குட்" என்றாலும் மெல்லிய இடங்களில் இரைச்சல் தொடர்ந்து கேட்கும். இந்தக் குழுவுக்கு "வெரி குட் பிளஸ்" நிலைக்குக் கீழே போக வேண்டாம். காரணம், உரத்த ராக் தட்டில் மறைந்துபோகிற இரைச்சல் இங்கே மறையாது. சாண்டி மெதுவாகத் தொடங்குகிறவர். அந்த மௌனத்தில்தான் பொரிகிற சத்தம் வெளியே வரும்.

ஆகவே "தட்டு எப்படி இருக்கிறது" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பாட்டைச் சொல்லிக் கேளுங்கள். "லீஜ் அண்ட் லீஃப்" என்றால் முதல் பக்கத்து இரண்டாவது பாட்டு "ரெனார்டைன்" தொடக்கத்தையும், இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு "க்ரேஸி மேன் மைக்கேல்" முழுவதையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். முதலாவது பரப்பின் அழுக்கைக் காட்டும், இரண்டாவது தேய்மானத்தைக் காட்டும். "அன்ஹாஃப்பிரிக்கிங்" என்றால் "எ செய்லர்ஸ் லைஃப்" பாட்டின் கடைசி மூன்று நிமிடம்.

கடைசிப் பாட்டு ஏன்? தட்டு எந்த இடத்திலும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. வெளி விளிம்பில் மையத்திலிருந்து தடம் ஏறத்தாழ 146 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, லேபிளுக்கு அருகில் 60 மில்லிமீட்டர். எனவே முள்ளுக்கு அடியில் தடம் ஓடும் வேகம் உள்ளே வரும்போது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அதே ஒலியைக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கிச் செதுக்க வேண்டியிருக்கும். தேய்ந்த முள்ளும் கனமான முள்ளும் முதலில் சிதைப்பது அந்த இடத்தைத்தான். "எ செய்லர்ஸ் லைஃப்" அமைதியாகத் தொடங்கி, லேபிளை நெருங்கும்போது ஆகப் பெரிய சத்தத்தில் முடிகிறது. பாவம், தவறான இடத்தில் அமைந்த உச்சம். அங்கே வயலின் கரகரத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்து சரியாகிற கோளாறு அல்ல அது.

கீறல் இருந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் நகத்துக்குத் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் கேட்காது. நகம் தடுக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்".

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்காகச் சேர்த்து வாங்குங்கள். தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால், வழியில் பெட்டி விழும்போது தட்டின் விளிம்பு உறையின் மேல்மடிப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

வந்ததும் செய்வது

எந்தப் பழைய தட்டையும் கழுவாமல் போடாதீர்கள். காய்ச்சி வடித்த நீர் 4 பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 பங்கு, அரை லிட்டர் கலவைக்கு நிறமும் மணமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி. மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, தடம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிள் நனையவே கூடாது. இளஞ்சிவப்புச் சாயம் ஊறிக் கலைந்தால் தட்டின் மதிப்பில் பாதி போய்விடும். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு துணியால் இருமுறை துடைத்து, அரை மணி நேரம் நிறுத்தி உலர்த்துங்கள். அலசுவதைத் தவிர்த்தால் சோப்பு தடத்துக்குள் காய்ந்து முன்பைவிட அதிகமாகப் பொரியும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதுவும் அப்படித்தான் செய்யும். வினைலுக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகள் உங்களிடம் இருந்தால் அவற்றுக்கு இந்தக் கலவை ஆகாது, அவை செய்யப்பட்ட அரக்கை ஆல்கஹால் கரைத்துவிடும்.

பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப்போடாதீர்கள். தட்டைப் புதிய பாலிதீன் உள்ளுறையில் போட்டு, பழைய காகிதத்தை வெற்றாக உறைக்குள் வையுங்கள். அடுக்கும்போது நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளது நெளியும், உறையில் வட்டமாகத் தேய்மானம் விழும். "லீஜ் அண்ட் லீஃப்" விரித்துத் திறக்கும் இரட்டை உறை. அதன் உட்பக்கத்தில் இங்கிலாந்தின் நாட்டார் சடங்குகள், பாடல் சேகரித்தவர்கள் பற்றிய சிறு குறிப்புகளும் படங்களும் உண்டு. அந்த மடிப்பில்தான் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய குறிப்பேடு வேண்டும். தலைப்பு, நாடு, எண், கீறி எழுதிய எழுத்து, தட்டின் நிலை, உறையின் நிலை (இரண்டும் தனித்தனியாக), அஞ்சலும் சேர்த்துக் கொடுத்த விலை. கீழ்ப்பாதியைக் காலியாக விடுங்கள்.

பெயர்களில் விழாமல் இருக்க

"ஃபுல் ஹவுஸ்" 1970இன் ஸ்டூடியோ ஆல்பம். "ஹவுஸ் ஃபுல்" அதே ஐவர் அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் ட்ரூபடோர் அரங்கில் வாசித்த நேரடிப் பதிவு, 1986இல் வந்தது. இரண்டும் வேண்டும், ஆனால் தெரிந்து வாங்குங்கள். "ஃபேர்வெல் ஃபேர்வெல்" என்பது "லீஜ் அண்ட் லீஃப்" தட்டில் ஒரு பாட்டு. அதே பெயரில் 1979 விடைபெறும் பயணத்தின் நேரடித் தட்டும் உண்டு. 1974இன் "லைவ் கன்வென்ஷன்" அமெரிக்காவில் "எ மூவபிள் ஃபீஸ்ட்" என்று போயிற்று, ஒரே தட்டு. "ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்" 1969இல் சாண்டியின் பாட்டு, 1997இல் இதே குழுவின் வேறு ஆட்கள் வெளியிட்ட ஓர் ஆல்பத்தின் தலைப்பும் அதுவே. "இன் ரியல் டைம்: லைவ் '87" என்பதை நேரடி நிகழ்ச்சி என்று நம்பி வாங்காதீர்கள். ஸ்டூடியோவில் வாசித்துவிட்டுக் கைதட்டலைப் பிறகு சேர்த்தது.

இனி வரிசை

13 ஆல்பங்களையும் ஒரேயடியாக 1 முதல் 13 வரை எழுத உட்கார்ந்தால் முதல் மூன்றும் கடைசி ஒன்றும் எளிதாக வரும், நடுவில் உள்ளவை சேறாகும். ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டுச் சராசரி எடுப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் இந்தக் குழுவிடம் அது பலிக்காது. "அன்ஹாஃப்பிரிக்கிங்" தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பாட்டு, ஏறத்தாழ 39 நிமிடம். "எ செய்லர்ஸ் லைஃப்" பாட்டுக்கு 10, மற்ற ஏழுக்கும் 7 கொடுத்தால் சராசரி 7.4. ஆனால் அந்த ஒரு பாட்டு மட்டும் ஆல்பத்தில் கால் பங்குக்கு மேல் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நிமிடத்தால் பெருக்கிக் கணக்கிட்டால் 7.8 வரும். "ஃபுல் ஹவுஸ்" தட்டில் மொத்தமே ஏழு பாட்டு, அதில் "ஸ்லாத்" 9 நிமிடம். அங்கும் இதே கதை. "பாபகோம்ப் லீ" நிலைமை இன்னும் மோசம். 1885இல் எக்ஸிட்டர் சிறையில் மூன்று முறை தூக்கிலிட முயன்றும் தூக்குமேடையின் அடிக்கதவு திறக்காமல் பிழைத்த ஜான் லீ என்பவரின் கதையை முழு ஆல்பமாகச் சொன்னது அது. தனிப்பாட்டாக உருவி எடுத்தால் பலவற்றுக்கு ஐந்துகூடத் தேறாது, சேர்த்துக் கேட்டால் பிடித்து உட்கார வைக்கும்.

அதனால் மதிப்பெண் வேண்டாம், இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: இன்று இரவு இந்த இரண்டில் ஒன்றைத்தான் முழுதாகக் கேட்கலாம் என்றால் எது?

முதலில் ஒவ்வொரு காலத்துக்குள்ளும் வரிசைப்படுத்துங்கள். சாண்டியின் மூன்றையும் தங்களுக்குள், 1973–75 மூன்றையும் தங்களுக்குள், கடைசி மூன்றையும் தங்களுக்குள், நால்வரின் இரண்டையும் தங்களுக்குள். ஒரே ஆட்களின் தட்டுகளை ஒப்பிடுவது எளிது. அதன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம். ஏற்கெனவே வரிசையில் உள்ளவற்றின் நடுவில் இருப்பதோடு புதியதை ஒப்பிடுங்கள். அதைவிட மேல் என்றால் மேல்பாதியின் நடுவோடு, கீழ் என்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. இடம் கிடைக்கும்வரை இப்படியே பாதியாக்கிக்கொண்டு போங்கள். 13 ஆல்பங்களுக்கு எல்லா ஜோடிகளையும் ஒப்பிட்டால் 78 முறை கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் அதிகபட்சம் 37. முன்பே காலவாரியாகப் பிரித்திருப்பதால் இன்னும் குறையும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது கேட்டிருக்க வேண்டும், மூன்றும் வெவ்வேறு வாரங்களில். ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டின் கீழ்ப்பாதியில் இரண்டு வரி: எந்தப் பாட்டில் கவனம் தப்பியது, எதைத் திருப்பிப் போடத் தோன்றியது. அதற்கு மேல் எழுத வேண்டாம். இரண்டு ஆல்பம் சமமாக முட்டிக்கொண்டால் அந்தக் குறிப்புகளைப் பாருங்கள்.

கூடுதல் பாட்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். தட்டு முதலில் வந்தபோது இருந்த பாட்டுகள் மட்டுமே. இல்லையென்றால் "ஃபுல் ஹவுஸ்" யாருடைய சிடியில் எத்தனை பாட்டு என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும்.

பெண் குரல் இல்லை என்பதற்காக "ஃபுல் ஹவுஸ்" தட்டைக் கீழே தள்ளுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. "ஸ்லாத்" பாட்டில் கிடாரும் வயலினும் பேசிக்கொள்வதைக் கவனித்துக் கேட்டவர் அதை முதல் மூன்றுக்குக் கீழே வைக்க மாட்டார். இதற்கு எதிர்ப்பிழையும் ஒன்று உண்டு. விபத்தின் சோகத்தை "அன்ஹாஃப்பிரிக்கிங்" தட்டின் மேல் ஏற்றிக் கேட்பது. அந்தத் தட்டு வெளிவந்தது விபத்துக்குப் பிறகு, ஆனால் பதிவானது முன்பு. அதில் வாசிக்கிறவர்களுக்கு வரப்போவது எதுவும் தெரியாது. விபத்துக்குப் பின் ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கி உருவாக்கியது "லீஜ் அண்ட் லீஃப்". அதன் இறுக்கத்துக்கு அப்படி ஒரு காரணம் தேடினால் பொருந்தும்.

விற்பனைப் பட்டியலை நம்பி வரிசை போடாதீர்கள். இங்கிலாந்துப் பட்டியலில் இவர்கள் எட்டிய ஆக உயரமான இடம் 8, அது "ஏஞ்சல் டிலைட்" தட்டுக்கு. "லீஜ் அண்ட் லீஃப்" 17ஆம் இடத்தோடு நின்றது.

பழைய கதைப்பாடல்களுக்கு இன்னொரு வேலை செய்யலாம். பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த கதைப்பாடல்களுக்கு எண் உண்டு: "டாம் லின்" 39, "சர் பாட்ரிக் ஸ்பென்ஸ்" 58, "மேட்டி க்ரோவ்ஸ்" 81. எண்ணைக் குறித்துக்கொண்டால் அதே பாட்டை மற்றவர்கள் பாடியதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். எந்த அளவுக்குப் பாட்டின் பெருமை, எந்த அளவுக்குக் குழுவின் பெருமை என்பது அப்போது பிரிந்து தெரியும்.

கடைசி இடத்துக்கு "காட்டில் ஓ'கியர்" வருவதில் பெரிய சண்டை வராது. அதன் இங்கிலாந்து உறையில் "ஃபேர்போர்ட்" மட்டுமே இருக்கும், "கன்வென்ஷன்" இல்லை. குழு என்று சொல்லக் குழுவே இல்லாத நேரத்துத் தட்டு. அதற்கு முந்தைய "ரைசிங் ஃபார் த மூன்" பற்றித்தான் கருத்து பிரியும். அதில் நாட்டார் பாடல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் சொந்தப் பாட்டு, தயாரித்தவர் கிளின் ஜான்ஸ். நாட்டார் ராக்குக்காக வந்தவர் கீழே வைப்பார். சாண்டிக்காக வந்தவர் நான்காவதாக வைப்பார். இரண்டும் சரிதான், ஆனால் உங்கள் வரிசையில் எந்தக் காரணத்துக்காக வைத்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கும்போது அந்தச் சொல் இல்லாவிட்டால் உங்கள் வரிசை உங்களுக்கே புரியாது.

1979 ஆகஸ்ட் 4 அன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் க்ரோப்ரெடி கிராமத்து வயலில் விடைபெற்றார்கள். விடைபெற்றவர்கள் திரும்பி வந்து அங்கேயே வருடாந்திர விழா நடத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். 1985 முதல் வந்த பத்துப் பதினைந்து ஆல்பங்களை இந்த 13ஓடு கலக்காதீர்கள். டேவ் பெக்கின் வுட்வார்ம் லேபிளிலும் பிறகு மேட்டி க்ரூவ்ஸ் லேபிளிலும் வந்த அவற்றுக்குத் தனித் தாள், தனி வரிசை. பழைய அச்சு வேட்டையும் தேவையில்லை. 1985இன் "க்ளாடிஸ் லீப்" முதலில், 1995இன் "ஜூவல் இன் த க்ரவுன்" அடுத்து, சிடியாகவே வாங்குங்கள். முழுக்க வாத்திய இசையான 1986இன் "எக்ஸ்ப்ளெடிவ் டிலைட்டட்" தட்டை அந்த இரண்டும் பிடித்தால் மட்டும் தேடுங்கள்.